டால்ஸ்டாய்ப் பண்ணையின் விளைச்சல்

திருக்குறளின் அதிகார வைப்புமுறையை ஊன்றிக் காண்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அதனை அடுத்து நிற்பது இடுக்கணழியாமை. முயன்று உழைப்பவனுக்கு இடர் வந்தே தீரும் என்பதை வைப்புமுறையே சொல்லிவிடுகிறது. பொருட்பாலின் இறுதிப் பகுதிக்கு வந்தால் 104ஆம் அதிகாரம் உழவு. அடுத்த 105ஆம் அதிகாரமோ நல்குரவு. உழவனின் பெருமையைப் பேசிமுடித்த அடுத்த ஏட்டிலேயே வறுமை வந்து நிற்கிறது. இவ்வைப்புமுறை வள்ளுவர் வகுத்ததா, பின்வந்தோர் வகுத்ததா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். யார் வகுத்தாராயினும், மண்ணோடு மல்லாடிய மக்களின் பட்டறிவு அதில் படிந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

தன் உணவைத் தானே விளைத்து, தன் உடையைத் தானே தைத்து, தன் கூரையைத் தானே வேய்ந்து வாழவேண்டும் என்னும் அவா இன்று நேற்று எழுந்ததன்று. அவ்வாறு வாழ்ந்து பார்த்தவர்கள் எழுதிய நூல்களும் உலக இலக்கியத்தில் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை வெற்றியின் நூல்கள். விதைத்ததும் முளைத்ததும் அறுத்ததும் அழகாகச் சொல்லப்படும்; அழுகியதும் பூச்சி தின்றதும் ஆள் ஓடிப்போனதும் மறைக்கப்படும். படிக்கும்போது உள்ளம் துள்ளும். மறுநாள் மண்வெட்டியை எடுத்தவுடன் அந்தத் துள்ளல் அடங்கிவிடும். ஆகவே இவ்வகை நூலை மதிப்பிடுதற்கு உரைகல் ஒன்று வேண்டும் என்றால், அது இதுவே: தோல்வியை இந்நூல் எங்ஙனம் சொல்கிறது? இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்க ஒரு நூலின் மூன்று அத்தியாயங்களை எடுத்துக்கொள்கிறேன். காந்தியடிகள் எழுதிய தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் டால்ஸ்டாய்ப் பண்ணையைப் பற்றி வரும் பகுதி அது. அதனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அப்பண்ணையில் வாழ்ந்தோரில் நம் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பங்கள் அவை.

ஒப்புநோக்குதற்பொருட்டு முதலில் அமெரிக்க அறிஞர் தோரோவின் ‘வால்டன்’ நூலைச் சிறிது காண்போம். 1845ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊரையடுத்த வால்டன் குளக்கரையில், தாமே கட்டிய சிறு குடிலில் தோரோ குடியேறினார். பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் உடைய அக்குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று அரைச் சென்ட்டையும் விடாமல் எழுதிவைத்தார். இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் அவரை வகைப் பயற்றை விதைத்தார். சால்களை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால் ஏழு மைல் வரும் என்பது அவர் கணக்கு. மரக்கொறி விலங்கு ஒன்று கால் ஏக்கர் பயிரைத் தின்று தீர்த்தது. எல்லாம் போக ஆண்டு முடிவில் கைக்கு நின்ற ஊதியம் 8 டாலர் 71½ சென்ட். விளைந்த பயற்றையும் அவர் பெரிதும் உண்ணவில்லை. கொடுத்து அரிசி வாங்கிக்கொண்டார். நம்மவர் அரிசிக்கு அங்கும் மதிப்பு இருந்தது என்று நாம் மகிழ்ந்துகொள்ளலாம். அடுத்த ஆண்டு ஏழு மைல் சாலை எல்லாம் மறந்துவிட்டு, தமக்கு வேண்டிய மூன்றிலொரு பங்கு ஏக்கரை மட்டும் கொத்தினார். அதுவே மேலும் நன்றாக இருந்தது என்று எழுதினார். தோல்வியிலிருந்து அவர் கற்ற பாடம் அளவைக் குறைத்துக்கொள்வது.

ஆயினும் தோரோவுக்கு நேர்ந்த பெருந்தோல்வி வயலில் நேர்ந்ததன்று. அக்குடிலில் இருந்தபோது அவர் எழுதிய முதல் நூல் 1849இல் ஆயிரம் படிகள் அச்சாயிற்று. 1853இல் விற்காத 706 படிகளைப் பதிப்பகத்தார் அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினர். அவற்றை மாடிக்குத் தாமே சுமந்து ஏற்றிய அந்த மனிதர், தம் நூலகத்தில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை தாமே எழுதியவை என்று நாட்குறிப்பில் நகையாடினார். அடுத்த ஆண்டு, 1854இல், ‘வால்டன்’ வெளிவந்தது. நகைப்பு அங்கே வெறும் நகைப்பாக நிற்கவில்லை. மீண்டும் எழுதுகோலைக் கையில் எடுப்பதற்கு அது துணைநின்றது.

நிற்க. தோரோ தனியர். மனைவி மக்கள் இல்லை. பசித்தால் பசிப்பது அவர் ஒருவர் வயிறு மட்டுமே. இரண்டு ஆண்டு இரண்டு மாதம் இரண்டு நாள் கழித்துக் குடிலை விட்டு வெளியேற அவருக்குத் தடையும் இருந்ததில்லை. குடும்பத்தோடு, குழந்தைகளோடு, பிழைப்பு முறிந்த நிலையில் மண்ணை நாடுகிறவர்களின் நிலை வேறு. அந்த நிலையைச் சொல்வது காந்தியடிகளின் நூல்.

டால்ஸ்டாய்ப் பண்ணை ஒரு தோல்வியிலே பிறந்தது. 1909ஆம் ஆண்டு இலண்டனுக்குத் தூது சென்ற காந்தியடிகள் வெறுங்கையோடு திரும்பினார். திரும்பும் வழியில் கப்பலில் எழுதியதுதான் ‘இந்திய சுயராஜ்யம்’. டிரான்ஸ்வாலில் போராட்டம் எப்போது முடியும் என்று எவருக்கும் தெரியவில்லை. சிறை சென்றோரின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்துவந்த முறை நெடுநாள் தாங்காது என்பது தெளிவாயிற்று. அந்நிலையில் காலன்பாக் என்னும் ஜெர்மானிய யூதக் கட்டடக் கலைஞர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் இருந்த 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, வாடகையின்றிப் பயன்படுத்திக்கொள்ளுமாறு 1910ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் வழங்கினார். அந்நிலத்தில் ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் ஏற்கெனவே இருந்தன; இரண்டு கிணறுகளும் ஓர் ஊற்றும் இருந்தன; அரைடசன் பேர் தங்கக்கூடிய ஒரு சிறு வீடும் இருந்தது. அங்கே வந்து சேர்ந்தோர் குஜராத், தமிழகம், ஆந்திரம், வட இந்தியா எனப் பல பகுதியினர். இந்து, முஸ்லிம், பார்சி, கிறித்துவர் எனப் பல சமயத்தினர். இளைஞர் நாற்பதின்மர் அளவில், முதியோர் இருவர் மூவர், பெண்டிர் ஐவர், குழந்தைகள் இருபது முப்பது என்று அவர் தொகை சொல்கிறார்.

நூல் எழுதப்பட்ட சூழலும் கருதத்தக்கது. நிகழ்ச்சிகள் நடந்து பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1923இல் எரவாடாச் சிறையில் இதனை அவர் தொடங்கினார். குஜராத்தியில் எழுந்த இதனை வால்ஜி கோவிந்த்ஜி தேசாய் ஆங்கிலமாக்க, 1928இல் சென்னையில் எஸ். கணேசன் வெளியிட்டார். ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டுத் தொண்டர்கள் சோர்ந்திருந்த காலம் அது. சோர்ந்தவர்களுக்கு ஊக்கமூட்ட விரும்பும் ஒருவர் பழைய வெற்றிகளை மட்டும் அடுக்கியிருக்கக்கூடும். காந்தியடிகள் செய்தது அதுவன்று. இவ்வத்தியாயங்களின் இலக்கியச் சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, அவர் நடை எண்ணியும் அளந்தும் செல்லும் நடை. ஊற்று குடியிருப்பிலிருந்து 500 கஜம். தண்ணீரைக் காவடிபோல் தண்டில் தொங்கவிட்டுச் சுமக்கவேண்டும். காலை ஆறு மணிக்கு ரொட்டியும் கோதுமை வறுத்து இடித்த ‘காப்பி’யும், பதினொரு மணிக்குச் சோறும் பருப்பும் காய்கறியும், மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது மீண்டும் ரொட்டியும் அந்தக் காப்பியும். நகரத்துக்கு வேடிக்கை பார்க்கச் செல்வோர் நடந்தே செல்லவேண்டும், கட்டுச்சோற்றைக் கையோடு கொண்டுபோகவேண்டும், அங்கே உணவுக்கென்று ஒரு காசும் செலவிடக்கூடாது. அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டால் ஆறேழு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். மிக விரைந்து நடந்தவர் எடுத்துக்கொண்ட நேரம் 4 மணி 18 நிமிடம் என்று குறிக்கிறார். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் ஒரு தந்தையின் பெருமிதம் இருக்கிறது. ‘உழைப்பே உயர்வு’ என்று ஒரு பக்கம் பேசுவதைவிட இந்த ஓர் எண் நம் கால்களை எழுப்புகிறது.

இரண்டாவது, தம் பிழைகளைத் தாமே எடுத்துவைக்கும் துணிவு. 1912இல் கோகலே பண்ணைக்கு வந்தார். நிலையத்திலிருந்து ஒன்றரை மைல், வண்டி இல்லை. உடல்நலம் குன்றிய அப்பெரியவர் நடந்துவிடுவார் என்று காந்தியடிகளும் காலன்பாக்கும் எண்ணிவிட்டனர். வழியில் மழை தூறியது. கோகலேக்குக் குளிர் பிடித்துக்கொண்டது. சமையற்கட்டு தொலைவில் இருந்ததால் உணவும் ஆறிப்போயிற்று. கட்டில் தேடிக் கொணர்ந்தபோது அவர் அதனை மறுத்துத் தரையிலேயே படுத்தார். துன்புறுவதற்கென்றே பிறந்தவர்கள் நீங்கள் மட்டுமோ என்னும் பொருள்பட உரிமையோடு கடிந்துகொள்ளவும் செய்தார். எளிய வாழ்வின் பெருமையைக் காட்ட வந்த அத்தியாயத்தில், எளிய வாழ்வு விருந்தினரைத் துன்புறுத்திய கதையை வைப்பதற்குத் தன்னம்பிக்கை வேண்டும். தன்னிறைவு வாழ்வை மேற்கொள்வோர்க்கு எளிதில் வந்து ஒட்டிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு: தம் கடுமையைப் பிறர் மீதும் சுமத்துவது. கோகலே நிகழ்ச்சி அந்நோய்க்கு மருந்தாக நிற்கிறது.

பாம்பு பற்றிய பகுதி இதனினும் நுட்பமானது. உயிர்க்கொலை கூடாது என்பது கொள்கை. காலன்பாக்கின் அறையிலே, விரட்டவும் இயலாத, பிடிக்கவும் இயலாத இடத்தில் ஒரு பாம்பு காணப்பட்டது. மாணவன் ஒருவன் வந்து கொல்ல அனுமதி கேட்டான். காந்தியடிகள் அனுமதித்தார். பாம்பைக் கையால் பற்றும் துணிவு தமக்கு இருந்ததில்லை என்பதையும் எழுதிவிடுகிறார். கொள்கை ஒன்று, நிகழ்ந்தது ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு அடுத்த செய்திக்குச் செல்கிறார். கொள்கை ஒருமுறை தவறியதனால் கொள்கையையே கைவிட்டுவிடும் நம் போன்றோர்க்கு இதில் பாடம் உண்டு. முழுமை இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம் என்னும் மனப்பான்மைதான் பல தோட்டங்களைத் தரிசாக்கியிருக்கிறது.

மூன்றாவது, நகைச்சுவை. பண்ணைப் பள்ளி பிற்பகலில் நடக்கும். காலையெல்லாம் மண்வெட்டிய ஆசிரியரும் மாணவரும் அந்நேரத்தில் உறக்கத்தோடு போராடுவர். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பாடம் நடக்கும். இதில் தமிழராகிய நாம் சற்று நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தம் தன்வரலாற்றில் அவர் கூறுவது: அங்கிருந்த தமிழ் இளைஞர் பெரும்பாலோர் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள், தமிழ் சிறிதளவே அறிந்தவர்கள், எழுத்தோ அறவே அறியாதவர்கள். அவர்களுக்கு அரிச்சுவடியும் இலக்கணத் தொடக்கமும் சொல்லித்தந்தவர் குஜராத்தியரான காந்தியடிகள். அவருடைய தமிழறிவோ கப்பற்பயணத்திலும் சிறையிலும் போப்பையரின் கையேட்டைக்கொண்டு தேடியது. அதற்கு மேல் செல்லாதது. பேச்சுத்தமிழில் மாணவர்கள் தம்மை வென்றுவிடுவார்கள் என்பதையும், ஆங்கிலம் அறியாத தமிழர் வந்தால் அம்மாணவர்களே தமக்கு மொழிபெயர்ப்பாளர் ஆவார்கள் என்பதையும் அவர் மகிழ்ந்து ஒப்புக்கொள்கிறார். பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத பிள்ளைகள் நம் இல்லங்களிலும் வளர்கிறார்கள். முழுப் புலமை இல்லாதவர் கற்பிக்கத் தொடங்கலாமா என்று தயங்கும் பெற்றோர்க்கு அப்பண்ணைப் பள்ளி விடை சொல்கிறது.

இனிக் குறைகளைச் சொல்வதும் திறனாய்வாளன் கடன். முதற்குறை, பண்ணையைப் பற்றிய அத்தியாயங்களில் பயிரைப் பற்றிய செய்தி மிகக் குறைவு. ஆரஞ்சும் பிளம்ஸும் வேண்டுமட்டும் உண்டு மிஞ்சின என்கிறார். ஆனால் அம்மரங்களை நட்டவர் முன்னிருந்த வேறு எவரோ. இவர்கள் விதைத்தது என்ன, விளைந்தது எவ்வளவு என்ற கணக்கைத் தேடினால் கிடைப்பதில்லை. நடந்த தூரத்துக்கு நிமிடக்கணக்கு வைத்தவர் விளைச்சலுக்குக் கணக்கு வைக்கவில்லை. நிலம் நண்பர் தந்தது. பொருளுதவி வெளியிலிருந்து வந்தது. ஆகவே முழுத் தன்னிறைவு என்று அதனைக் கூறுதல் பொருந்தாது. செருப்புத் தைத்தல், தச்சு வேலை, மாவரைத்தல், நிலக்கடலை வெண்ணெய், ஆரஞ்சுப் பழப்பாகு என்று கைத்தொழில்கள் சிறந்த அளவுக்கு உழவு சிறக்கவில்லை என்றே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் குறை இன்னும் ஆழமானது. பையன்கள் சிலர் இரு சிறுமியரிடம் குறும்பாக நடந்துகொண்டனர். அதற்கு அவர் கண்ட வழி, அச்சிறுமியரின் நீண்ட கூந்தலைத் தம் கையாலேயே கத்தரித்தது. மூத்த பெண்டிர் முதலில் இதனை ஏற்கவில்லை என்பதையும் அவரே எழுதுகிறார். பிறர் இதனைப் பின்பற்றவேண்டும் என்று தாம் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். பிழை செய்தவர் பையன்கள், இழந்தவர் பெண்கள். இன்று படிக்கும் நமக்கு இது நெருடுகிறது, நெருடவும் வேண்டும். அந்தச் சிறுமியர் அன்றிரவு என்ன நினைத்தார்கள் என்பது நூலில் இல்லை. சட்டையும் காற்சட்டையும் தைத்துக் கொடுத்த தாய்மார்கள் என்ன பேசிக்கொண்டார்கள், கோதுமைக் காப்பியைக் குடித்து முகம் சுளித்தவர்கள் உண்டா என்பதும் இல்லை. குப்பை கூளம் அகற்றும் துப்புரவுப் பொறுப்பையும் கடைக்குச் சென்று பொருள் வாங்கும் பொறுப்பையும் தம்பி நாயுடு ஏற்றிருந்தார் என்ற குறிப்பு உண்டு. அவர் வாய்மொழி இல்லை. தமிழர் உழைத்த பண்ணையின் கதை குஜராத்தியில் எழுதப்பட்டு ஆங்கிலத்தில் நமக்கு வந்தது. நம்மவர் ஒரு நாட்குறிப்பாவது எழுதிவைத்திருக்கலாகாதா என்னும் ஏக்கம் எழாமற் போகாது.

இந்த ஏக்கத்தை ஓரளவு தணிப்பது, வேறொரு காலத்தையும் இடத்தையும் பற்றியதாயினும், கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. 1976இல் வெளிவந்த அந்நாவல், தெலுங்கு நாட்டினின்று தெற்கே அடைக்கலம் தேடிவந்த குடும்பங்கள் காட்டைத் தீயிட்டுத் திருத்திக் கரிசல் மண்ணில் ஊர் சமைத்த கதையைச் சொல்கிறது. அங்கே சொல்பவர் தலைவர் அல்லர். நூறாண்டு கடந்த மூதாட்டி ஒருத்தியின் நினைவே கதையாகிறது. காந்தியடிகள் நூலில் நாம் கேட்க விரும்பிய பெண்குரல் இங்கே ஒலிக்கிறது. இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படிப்பவர்க்கே குடிபெயர்ந்தோர் உழைப்பின் முழு உருவம் கிடைக்கும் என்பது என் கருத்து.

அவ்வாறாயின் டால்ஸ்டாய்ப் பண்ணை தோற்றதா? 1913ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது கலைந்தது. இருந்தோர் சிலர் நேட்டாலில் இருந்த பீனிக்ஸ் குடியிருப்புக்குச் சென்றனர். ஏனையோர் தத்தம் வீடு திரும்பினர். மூன்றாண்டுகூட நிறைவுறவில்லை. நில அளவில் நோக்கினால் தோல்வி என்றே எழுதவேண்டும். ஆனால் நூலின் பின்பகுதியைப் படிக்கவேண்டும். அதே 1913இல் இந்திய முறைத் திருமணங்கள் செல்லா என்னும் தீர்ப்பு வந்தபோது, சிறை செல்ல முன்வந்த முதற்குழுவினருள் டால்ஸ்டாய்ப் பண்ணையில் வாழ்ந்த பெண்டிர் பதினொருவர் இருந்தனர். ஒருவர் தவிர ஏனையோர் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தையோடு சென்றவர்களும் உண்டு. அனுமதிச் சீட்டின்றிக் கூவி விற்றுப் பார்த்தனர். காவலர் கைது செய்ய மறுத்தனர். சிறைக்குள் செல்வதிலும் ஒரு தோல்வி! அவர்கள் வீடு திரும்பவில்லை. நியூகாசில் நகருக்குச் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் மூன்று பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். சுரங்கங்களில் வேலைநிறுத்தம் பரவியது. அப்பெண்டிர்க்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. 1914இல் அவ்வரி நீங்கியது.

பண்ணை இல்லாதிருப்பின் எட்டாண்டுப் போராட்டத்தை நடத்தியிருக்க இயலுமா என்று தமக்கே ஐயம் என்பது காந்தியடிகளின் முடிவு. இலக்கிய வாசகன் அதனை வேறொரு வகையில் சொல்லலாம். 500 கஜம் தண்ணீர் சுமந்தவர்களுக்கு நியூகாசில் வெகுதொலைவாகத் தோன்றவில்லை. கோதுமைக் கஞ்சி பழகியவர்களுக்குச் சிறைக்கூழ் புதிதாகத் தோன்றவில்லை. விளைச்சல் கணக்கு நூலில் இல்லை என்று முன்னர்க் குறைகூறினேன். அக்கணக்கை அவர் எழுதிய இடம் வேறு: பதினொரு பெண்களின் பெயர்ப்பட்டியலாக அது நிற்கிறது.

முடிக்குமுன் சொந்தச் செய்தி ஒன்று கூற வாசகர் இசைவார்களாக. வடநாட்டு நகர் ஒன்றில் மூன்றாம் மாடியில் வாழும் எனக்கு நிலம் என்பது நான்கு மண்தொட்டிகள். ஊரிலிருந்து இரயிலில் மடியில் வைத்துக் கொணர்ந்த கறிவேப்பிலைக் கன்று முதல் ஆண்டு சனவரிக் குளிரில் கருகியது. இரண்டாம் கன்றை ஜூன் மாத வெயில் தின்றது. போதும் என்று நான் தொட்டியைக் கவிழ்க்கப் போனேன். என் மனைவி தடுத்து, கருகிய தண்டைத் தரையளவுக்கு நறுக்கிவிட்டு, இரவில் பழைய சாக்கொன்றை அதன்மேல் போர்த்தினாள். மார்ச்சு மாதத்தில் வேரடியிலிருந்து இரண்டு துளிர் வந்தன. தோரோ ஏழு மைலைக் குறைத்துக்கொண்டதுபோல் நாங்களும் நான்கு தொட்டிகளை ஒன்றாக்கிக்கொண்டோம். வாரத்துக்கு ஒரு நாள் இரசத்துக்கு அது போதுகிறது. மற்ற நாள்களுக்குக் கடைதான். தன்னிறைவு என்று இதனைச் சொல்ல எனக்கு நாணமாக இருக்கிறது. ஆயினும் மூன்று நாட்டு நூல்களையும் படித்துமுடித்துத் தொட்டியருகே நிற்கும்போது, இடுக்கணழியாமையை ஆள்வினையுடைமைக்கு அடுத்த ஏட்டில் வைத்த கை எதனை எண்ணி வைத்திருக்கும் என்பது சிறிது விளங்குகிறது.